ஒட்டுண்ணி ஈயை முதுகோடு மட்டும் படம் எடுக்காதீர்கள்: பெங்களூரில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மாடித் தோட்டத்து எலுமிச்சையில் இருந்த புழுவை டப்பாவில் போட்டு வளர்த்து, பட்டாம்பூச்சி வரும் என்று காத்திருந்தால் சாம்பல் நிறத்தில் ஈ ஒன்று வந்து நிற்கிறது. அல்லது அபார்ட்மென்ட் பால்கனியில் புறா கூடு கட்டிய பிறகு, தட்டையான ஏதோ ஒன்று சட்டைக்குள் புகுந்து ஓடுகிறது. அல்லது ஓசூர், ராமநகரம் பக்கம் பட்டுப்புழு வளர்க்கும் சொந்தக்காரர் வாட்ஸப்பில் மங்கலாக ஒரு படம் அனுப்பி இது என்ன ஈ என்று கேட்கிறார். பெங்களூரில் இருக்கும் நமக்கு இந்த மூன்றும் சகஜம். மூன்றுமே ஒட்டுண்ணி ஈக்கள்தான், ஆனால் எல்லாம் ஒரே கூட்டம் இல்லை, பார்க்க வேண்டிய அடையாளங்களும் வேறு வேறு.

இதைக் கற்றுக்கொள்ள நான் ரொம்பவே அல்லாடினேன். இதற்கான அடையாளப் பட்டியல்கள் எல்லாம் ஏற்கெனவே பூச்சியியல் படித்தவர்களுக்காக எழுதியவை. சரி, தெரிந்தவர்களுக்குப் படம் அனுப்பிக் கேட்கலாம் என்றால், "டாகினிட் மாதிரி இருக்கிறது, இந்தப் படத்தை வைத்து இதற்கு மேல் சொல்ல முடியாது" என்று பதில் வரும். டாகினிட் என்பது மற்றப் பூச்சிகளின் உடம்புக்குள் வளரும் ஈக்களின் குடும்பம். அவர்கள் சொல்வது நியாயம்தான். இந்த ஈக்களைப் பிரித்துக் காட்டும் அடையாளங்களில் பாதிக்கு மேல் பக்கவாட்டிலும் முகத்திலும் இருக்கின்றன, நாம் எடுப்பதோ முதுகுப் படம். படத்தைச் சரியாக எடுத்துவிட்டால் குடும்பம் என்ற பெரிய பிரிவு வரைக்கும் நீங்களே வந்துவிடலாம். அதற்கு மேல் பேரினம், இனம் என்று போக வேண்டியதைத்தான் நிபுணரிடம் கேட்க வேண்டும்.

1. முதலில் அது ஈதானா?

சிறகுகளை எண்ணுங்கள். ஈக்கு ஒரே ஜோடிச் சிறகு. பின் ஜோடி இருக்க வேண்டிய இடத்தில் குமிழ் வைத்த குட்டிக் காம்பு இரண்டு இருக்கும். குளவிக்கு இரண்டு ஜோடிச் சிறகு, உணர்கொம்பும் நீளம். இது ரொம்ப சுலபம் என்று தோன்றும், ஆனால் கோனோபிட் ஈயைப் பார்க்கும் வரைக்கும்தான். ஒடுங்கிய இடுப்பு, பழுப்பும் மஞ்சளும் கலந்த நிறம், தலையிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும் நீள மூக்கு என்று அச்சு அசலாகக் குளவி மாதிரியே பூவில் உட்கார்ந்திருக்கும். அதன் குஞ்சுகள் வளர்வது தேனீ, குளவிகளின் உடம்புக்குள். சந்தேகம் வந்தால் சிறகைத்தான் பார்க்க வேண்டும், நிறத்தை நம்ப வேண்டாம்.

ஈதான் என்று உறுதியானதும், அது எங்கே கிடைத்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பூவில், இலையில், புழு வளர்த்த டப்பாவில் கிடைத்ததா? அப்படியானால் 4-ஆம் படிக்குப் போங்கள். புறாவின் மேல், நாயின் மேல் என்றால் 7. பிராணியின் புண்ணில் நெளியும் புழு என்றால் 8, அதுவும் உடனே.

2. என்ன வாங்க வேண்டும், எவ்வளவு ஆகும்

தொடக்கத்தில் அதிகம் செலவழிக்க வேண்டாம். போனில் மாட்டும் கிளிப் மேக்ரோ லென்ஸ் ₹500 முதல் ₹1,500-க்குள் கிடைக்கும். 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது, ₹200-லிருந்து இருக்கிறது. இந்த இரண்டையும் வைத்தே குடும்பம் வரை பிரித்துவிட முடியும். எஸ்.பி. ரோட்டில் விற்கும் யுஎஸ்பி மைக்ராஸ்கோப் இறந்த ஈயைப் பார்க்கப் பரவாயில்லை, உயிரோடு நடமாடும் ஈக்கு அது உதவாது. பெட்டியில் 1000 மடங்கு என்று போட்டிருந்தால் அதை நம்பி வாங்காதீர்கள். நமக்குத் தேவை 10 முதல் 40 மடங்குதான், ஆனால் கூர்மையாகத் தெரிய வேண்டும்.

கேமரா ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், தனி மேக்ரோ லென்ஸ் வாங்குவதற்கு முன் ரேனாக்ஸ் டிசிஆர்-250 போல லென்ஸ் முன்னால் கவ்விக்கொள்ளும் கண்ணாடி ஒன்றை முயன்று பாருங்கள். சில ஆயிரத்தில் வேலை முடிந்துவிடும். கூடவே ஃப்ளாஷுக்கு முன்னால் வெள்ளைத் தாள் ஒன்றை வளைத்து மாட்டுங்கள். அது இல்லாவிட்டால் ஈயின் உடம்பு பளபளத்து, மேலே இருக்கும் சாம்பல் பூச்சும் கோடுகளும் படத்தில் காணாமல் போய்விடும்.

3. ஆறு படம், ஒன்று குறைந்தாலும் சிக்கல்

காலை வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். அந்த நேரத்தில் ஈக்கள் இலை மேல் உட்கார்ந்து வெயில் காயும், கிட்டே போனாலும் சட்டென்று பறக்காது. மழை விட்டு வெயில் அடிக்கும் செப்டம்பர் முதல் நவம்பர் வரை எனக்கு நன்றாகக் கிடைக்கும் காலம். சப்பசிகே (சதகுப்பை) கீரையைப் பறிக்காமல் ஒரு தொட்டியில் மட்டும் பூக்க விட்டுவிடுங்கள், கொத்தமல்லியும் அப்படியே. குடை விரித்த மாதிரி அந்தச் சின்னப் பூக்கள் வந்ததும், தேனுக்காக டாகினிட் ஈக்கள் தாமாகவே வரும். அல்சூரில் எங்கள் மொட்டை மாடியில் இரண்டு தொட்டிதான் வைத்திருக்கிறேன், லால்பாக் போய் அலைவதைவிட அங்கேதான் நிறையக் கிடைத்தது.

எடுக்க வேண்டிய கோணங்கள்:

- மேலிருந்து முழு உடம்பு, மார்பின் கோடுகள் தெரியும்படி.
- பக்கவாட்டில் முழு உடம்பு, கேமரா ஈயின் உயரத்துக்கே இறங்கி இருக்க வேண்டும்.
- முகம் நேராக. கண்களுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி என்று தெரிய வேண்டும்.
- தலை மட்டும் பக்கவாட்டில். உணர்கொம்பும் அதன் மேல் நிற்கும் அரிஸ்டா என்ற மயிரும் தெரிய வேண்டும்.
- பின்பக்கத்திலிருந்து கொஞ்சம் தாழ்ந்து, மார்பும் வயிறும் சேரும் இடம். எல்லாரும் விட்டுவிடுவது இந்தப் படத்தைத்தான், எல்லாவற்றையும்விட முக்கியமானதும் இதுதான்.
- சிறகு, நரம்புகள் முழுவதும் தெரியும்படி.

உயிரோடு பிடித்த ஈ என்றால், சின்ன டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் (ஃப்ரீசரில் வேண்டாம்) சில நிமிடம் வையுங்கள். மந்தமாகிவிடும், வேண்டிய கோணத்தில் எடுத்துக்கொண்டு விட்டுவிடலாம். வெயில் பட்டதும் எழுந்து பறந்துவிடும். பக்கத்தில் கிராஃப் தாளையோ ஸ்கேலையோ வைத்து ஒரு படம் எடுங்கள். "சின்ன ஈ", "பெரிய ஈ" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது.

4. அடையாளங்களை எந்த வரிசையில் பார்ப்பது

இதை நிதானமாகப் படியுங்கள். நாம் பிரிக்க வேண்டியது நான்கு கூட்டங்களை: வீட்டு ஈ கூட்டம், பச்சையும் நீலமுமாக மின்னும் ஊது ஈக்கள், சாம்பல் நிற இறைச்சி ஈக்கள், அப்புறம் டாகினிட் ஈக்கள். இந்த டாகினிட்கள்தான் புழு, வண்டு, நாவாய்ப்பூச்சி என்று மற்றப் பூச்சிகளின் உடம்புக்குள் குஞ்சை வளர்த்து அதைக் கொல்பவை. உலகம் முழுக்க பெயர் வைத்தவை மட்டும் 8,000-க்கு மேல்.

முதலில் பக்கவாட்டுப் படத்தை எடுங்கள். பின்னங்கால் உடம்போடு சேரும் இடத்துக்குச் சற்று மேலே, குமிழ்க் காம்புக்கு முன்னால், மேலிருந்து கீழாக ஒரு வரிசையில் தடித்த முள்மயிர்கள் நிற்கின்றனவா? இதற்கு மீரல் முள்மயிர் என்று பெயர். இந்த வரிசை இல்லை என்றால் வீட்டு ஈ கூட்டம், அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இருந்தால் மற்ற மூன்றில் ஒன்று.

அடுத்து, தாழ்ந்து எடுத்த அந்தப் பின்பக்கப் படம். மார்பின் கடைசியில் முக்கோணமாக ஒரு சின்னத் தகடு நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான் ஸ்குட்டெல்லம். அதற்கு நேர் கீழே பாருங்கள். டாகினிட் ஈயில் அந்த இடத்தில் இன்னொரு புடைப்பு வெளியே தள்ளிக்கொண்டு இருக்கும், தலையணைக்கு அடியில் இன்னொரு குட்டித் தலையணையைச் செருகி வைத்தது போல. சப்ஸ்குட்டெல்லம் என்பார்கள். ஊது ஈயிலும் இறைச்சி ஈயிலும் அந்த இடம் தட்டையாகவோ, லேசாக மட்டும் மேடாகவோ இருக்கும். இந்தப் புடைப்பையும் மீரல் வரிசையையும் ஒரே ஈயில் தெளிவாகப் பார்த்துவிட்டால், கிட்டத்தட்ட உறுதியாக அது டாகினிட்தான். முதல் முறை கைலென்ஸில் அந்தப் புடைப்பு தெரிந்தபோது, வெள்ளைப் பொடி பூத்த மாதிரி மங்கலாக, மேலே இருக்கும் தகட்டின் நிழலில் ஒதுங்கி இருந்தது. வெளிச்சத்தைக் கீழ்ப்பக்கமிருந்து கொடுத்த பிறகுதான் அதன் வளைவு தெரிந்தது. நீங்களும் லைட்டைக் கீழே வையுங்கள்.

மூன்றாவது, அரிஸ்டா. ஊது ஈயில் இந்த மயிரின் நுனி வரைக்கும் இறகு மாதிரி கிளை விட்டிருக்கும். இறைச்சி ஈயில் பெரும்பாலும் அடிப் பாதியில் மட்டும். டாகினிட்டில் பெரும்பாலும் வழுவழுப்பாக, வெறுமையாக. "பெரும்பாலும்" என்று எழுதியிருப்பதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். டெக்ஸினே என்ற டாகினிட் உட்குடும்பத்தில் இறகு போன்ற அரிஸ்டா உள்ளவை நிறைய உண்டு. அதேபோல, குளவிகளின் பின்னாலேயே பறந்து அவற்றின் கூட்டுக்குள் குஞ்சு விடும் ஒரு வகை இறைச்சி ஈக்களுக்கு அரிஸ்டா வெறுமையாக இருக்கும். அதனால் அரிஸ்டாவை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது, முதல் இரண்டு அடையாளங்களுக்குச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சிறகில் நடு நரம்பு ஒன்று நுனிக்குப் போகாமல் சட்டென்று முன்பக்கம் வளையும். இதைப் பார்த்ததும் டாகினிட் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். வீட்டு ஈக்கும் அந்த வளைவு உண்டு! வயிற்றில் முரட்டு முள்மயிர் நிறைய இருந்தால் டாகினிட் என்பதும் பொதுவாகச் சரி, ஆனால் ஃபாசினே உட்குடும்பத்தில் முள்மயிர் அதிகம் இல்லாமல் வழுக்கையான வயிற்றோடு நாவாய்ப்பூச்சிகளைத் தேடி அலையும் டாகினிட்கள் உண்டு.

நிறத்தைக் கடைசியில் வையுங்கள். பச்சையாக மின்னுவதெல்லாம் ஊது ஈ என்பது நம் ஊரில் பெரும்பாலும் பொருந்தும், மீன் மார்க்கெட்டில் அப்படி மின்னிக்கொண்டு மொய்ப்பது பெரும்பாலும் கிரைசோமையா என்ற ஊது ஈ வகைதான். ஆனால் பச்சையாக மின்னும் டாகினிட்டும் இருக்கிறது.

டாகினிட் என்று உறுதியானால், குறிப்பேட்டில் இந்த நான்கையும் எழுதி வையுங்கள். பின்னால் பேரினம் கண்டுபிடிக்க நிபுணர் கேட்கப் போவது இவைதான்: கண்ணில் மயிர் இருக்கிறதா, ஸ்குட்டெல்லத்தின் நுனி முள்மயிர்கள் ஒன்றையொன்று குறுக்கே கடக்கின்றனவா, வயிற்றின் முதல் பெரிய வளையத்தின் மேல் நடுவில் இருக்கும் பள்ளம் அந்த வளையத்தின் பின் விளிம்பு வரை போகிறதா, முகத்தின் இரு ஓர வரப்புகளில் முள்மயிர் எவ்வளவு உயரம் ஏறுகிறது.

5. ஊஜி ஈயா என்று கேட்டால்

ஊஜி என்பது பட்டுப்புழுவைத் தாக்கும் ஈ. தேன்கனிக்கோட்டை பக்கம் பட்டுப்புழு வளர்க்கும் எங்கள் சித்தப்பா அடிக்கடி போன் செய்வார். "தம்பி, நாலு கோடு இருக்குடா, ஊஜிதானே?" என்பார். "சித்தப்பா, வீட்டு ஈக்கும் நாலு கோடுதான், பக்கவாட்டுல எடுத்து அனுப்புங்க" என்பேன். இந்த ஒரு குழப்பம் மட்டும் தீர்ந்தாலே பட்டு விவசாயிகளுக்குப் பாதிக் கவலை போய்விடும்.

ஊஜி ஈயின் பெயர் எக்சோரிஸ்டா பாம்பிசிஸ். அது ஒரு டாகினிட். மார்பில் நான்கு கறுப்புக் கோடு, வீட்டு ஈயைவிடப் பெரிது, வயிறு பின்னால் கூம்பிப் போகும், முள்மயிர் முரடாகத் தெரியும். இறைச்சி ஈக்கு மார்பில் மூன்று கோடு, வயிறு சதுரங்கக் கட்டம் போட்டிருக்கும், வெளிச்சத்தைத் திருப்பினால் கட்டங்கள் இடம் மாறும். வீட்டு ஈக்கு நான்கு கோடு உண்டு, மீரல் வரிசை கிடையாது, சப்ஸ்குட்டெல்லப் புடைப்பும் கிடையாது. மூன்றையும் கையில் வைத்து ஒரு தடவை பார்த்துவிட்டால் அப்புறம் மறக்காது.

ஈ கையில் கிடைக்காவிட்டால் பட்டுப்புழுவைப் பாருங்கள். தோலின் மேல் வெளிர் நிறத்தில் குண்டூசித் தலையைவிடச் சின்ன முட்டை ஒட்டியிருக்கும், குஞ்சு உள்ளே துளைத்துப் போன இடத்தில் கறுப்புத் தழும்பு விழும். புழு சின்னதாக இருக்கும்போதே தாக்கினால் கூடு கட்டுவதற்குள் செத்துவிடும். கடைசிப் பருவத்தில் தாக்கினால் கூடு கட்டிவிடும், ஆனால் ஈயின் புழு கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும், ஓட்டை விழுந்த கூட்டில் நூல் எடுக்க முடியாது. ராமநகரம் சந்தைக்குக் கொண்டுபோனாலும் விலை போகாது. ஊஜி என்று உறுதி செய்யாமல் பூச்சிமருந்து அடித்துவிடாதீர்கள், பட்டுப்புழுவும் சேர்ந்து செத்துவிடும். நைலான் வலையும், ஊஜியின் கூட்டுப்புழுவைத் தாக்கும் நெசோலின்க்ஸ் தைமஸ் என்ற குட்டிக் குளவியும்தான் வழக்கமான வழி. பட்டு வளர்ச்சித் துறை ஆட்களிடம் கேளுங்கள். கன்னடக்காரர்களிடம் "ஊஜி நொண" என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

மாடித் தோட்டக்காரர்களுக்கு நிலைமை நேர் எதிர். நம் செடியைத் தின்னும் புழுவை இதே கூட்டத்து ஈக்கள்தான் கொன்று தருகின்றன. தயவுசெய்து அவற்றை அடித்துவிடாதீர்கள்.

6. புழுவிலிருந்து வளர்த்து எடுத்தால் பாதி வேலை முடிந்தது

பூவில் பிடித்த ஈயைவிட, எந்தப் புழுவிலிருந்து வந்தது என்று தெரிந்த ஈக்கு மதிப்பு பல மடங்கு. அவரைக்காய் சீசனில் காய்க்குள் இருக்கும் புழு, ஆமணக்கு இலைப் புழு, எலுமிச்சைப் புழு எதுவானாலும் சரி, ஒரு டப்பாவுக்கு ஒரே ஒரு புழு. மேலே துணி கட்டி ரப்பர் பேண்ட் போடுங்கள், அடியில் டிஷ்யூ விரித்து, அதே செடியின் இலையைத் தினமும் மாற்றுங்கள். தண்ணீர் தேங்கினால் பூஞ்சை பிடித்து எல்லாம் போய்விடும், பெங்களூர் மழைக்காலத்தில் ரொம்பவே கவனம்.

புழு சுருண்டு செத்ததும் குப்பையில் போடுகிறவர்கள்தான் அதிகம். வேண்டாம், அப்படியே வையுங்கள். அதற்குள்ளிருந்து வெள்ளைப் புழு வெளியே வந்து, பழுப்பு நிறத்தில் கெட்டியான ஓட்டுக்குள் கூட்டுப்புழுவாகும். பெரும்பாலும் 10 முதல் 15 நாளில் ஈ வரும், குளிர்காலத்தில் தாமதமாகும். இதில் ஒரு பொறி இருக்கிறது: புழுவின் முதுகில் அரிசி போல வெள்ளை வெள்ளையாகப் பஞ்சுக் கூடுகள் ஒட்டியிருந்தால், அது ஈயின் வேலை கிடையாது, பிராக்கோனிட் குளவி. ஈ பட்டு நூற்காது.

புழுவின் தோலில் முட்டையே தெரியவில்லை, ஆனாலும் உள்ளே ஈ வந்துவிட்டது என்று பலர் குழம்புவார்கள். சில டாகினிட்கள் கண்ணுக்கே தெரியாத அளவு சின்ன முட்டைகளை இலையில் இடும், புழு இலையோடு சேர்த்து அதையும் தின்றுவிடும்.

வெளிவந்த உடனே ஈ வெளிறிப் போய், சிறகு சுருங்கி இருக்கும். அப்போது படம் எடுத்தால் எல்லா நிறமும் தவறாகவே தெரியும். சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சை வைத்து ஒரு நாள் விடுங்கள், உடம்பு இறுகிவிடும். ஈ வெளியேறிய காலி ஓட்டைத் தூக்கி எறிய வேண்டாம், அதையும் ஈயோடு சேர்த்து வையுங்கள். அதன் பின்நுனியில் இருக்கும் மூச்சுத்துளைகளின் அமைப்பும் ஓர் அடையாளம்.

7. புறா மேலும் நாய் மேலும் இருப்பவை

இவற்றைப் பிரிப்பது சுலபம். உடம்பு தட்டை, தோல் மாதிரி கெட்டி, விரலால் அழுத்தினாலும் நசுங்காது, நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடும், கால் நுனியில் பெரிய நகம். ஹிப்போபோஸ்கிட் குடும்பம். இரத்தம் குடிப்பவை.

புறாவில் இருப்பது பெரும்பாலும் சூடோலிஞ்சியா கனாரியென்சிஸ், ஒரே சீராகக் கரும்பழுப்பு. நகத்தைக் கைலென்ஸில் பார்த்தால் மூன்று முனை தெரியும். நாய், மாட்டின் மேல் திரியும் ஹிப்போபோஸ்கா ஈக்களுக்குப் பழுப்பு உடம்பில் வெளிர் மஞ்சள் புள்ளிகள் இருக்கும், நகத்தில் முனை இரண்டு. இந்த ஈக்கள் முட்டை இடுவதில்லை. முழுதாக வளர்ந்த புழுவையே ஈன்றுவிடும், அது உடனே கறுத்து விதை மாதிரி ஆகிவிடும். புறாக்கூட்டைச் சுத்தம் செய்யும்போது பளபளப்பான கறுப்பு மணிகள் கிடைத்தால் அவைதான். கையுறையும் மாஸ்க்கும் போடாமல் புறாக்கூட்டில் கைவைக்க வேண்டாம்.

8. புண்ணில் புழு

தெருநாய்க்குச் சோறு வைப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். புண்ணில் புழுவைப் பார்த்தால் முதலில் கால்நடை மருத்துவர், இன ஆராய்ச்சி அப்புறம். உயிருள்ள சதையையே தின்னும் கிரைசோமையா பெசியானா இந்தியாவில் இருக்கிறது, நாளாக ஆக புண் ஆழமாகிக்கொண்டே போகும். மருத்துவர் எடுத்த புழுக்களில் சிலவற்றைக் கேட்டு வாங்கி, கொதி அடங்கிய சுடுதண்ணீரில் அரை நிமிடம் போட்டு, பிறகு 70% ஆல்கஹாலில் வையுங்கள். நேராக ஆல்கஹாலில் போட்டால் கறுத்துச் சுருங்கி, அடையாளம் காண வேண்டிய பின்பக்க மூச்சுத்துளை தெரியாமல் போய்விடும்.

9. மாதிரியும் லேபிளும்

டாகினிட் ஈயை ஆல்கஹாலில் போடாதீர்கள், முள்மயிர் ஒட்டிக்கொண்டு சாம்பல் பூச்சும் போய்விடும். ஃப்ரீசரில் ஓர் இரவு வைத்து, மறுநாள் வெளியே எடுத்து ஈரம் போனதும் ஊசி குத்துங்கள். பூச்சிக்கென்று விற்கும் துருப்பிடிக்காத ஊசி வேண்டும், ஒரு பாக்கெட் சில நூறு ரூபாய். கடையில் வாங்கும் குண்டூசி துருப்பிடித்து மார்பையே பிளந்துவிடும். மார்பின் நடுவில் குத்த வேண்டாம், வலப்பக்கம் தள்ளிக் குத்துங்கள். அப்போதுதான் இடப்பக்க முள்மயிர்கள் முழுதாகத் தப்பும். ஹிப்போபோஸ்கிட்டும் புண் புழுவும் மட்டும் ஆல்கஹாலில். எத்தனால் நமக்குச் சுலபமாகக் கிடைக்காது, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் மருந்துக் கடையிலும் எஸ்.பி. ரோட்டிலும் கிடைக்கும். 99% என்றால் ஏழு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர்.

லேபிள் இல்லாத ஈயை எந்த அருங்காட்சியகமும் வாங்காது. இடம், மாவட்டம், அட்சரேகை தீர்க்கரேகை, தேதி, பிடித்தவர் பெயர், எந்தப் புழுவிலிருந்து, அந்தப் புழு எந்தச் செடியில், புழுவிலிருந்து ஈயின் புழு வெளியேறிய தேதி, ஈ வந்த தேதி. பென்சிலால் எழுதுங்கள், பால்பாயின்ட் மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். மாதத்தை ரோமன் எண்ணில் எழுதுவது வழக்கம், 5.XI.2024 என்பது போல. 5/11 என்று எழுதினால் எது நாள், எது மாதம் என்று ஒருவர் மாற்றிப் படித்துவிடுவார். பெட்டியில் நாப்தலீன் போடுங்கள், இல்லாவிட்டால் எறும்பு ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் காலி செய்துவிடும்.

10. அனுமதி, அப்புறம் யாரிடம் கொண்டுபோவது

வீட்டு மாடியில் படம் எடுக்க யாரிடமும் கேட்க வேண்டாம். பன்னேர்கட்டா போன்ற தேசியப் பூங்காவுக்குள் பூச்சி பிடிக்க வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி கட்டாயம், 1972-ஆம் ஆண்டு வனஉயிரினச் சட்டம் பூச்சிக்கும் பொருந்தும். அனுமதி கைக்கு வர மாதக்கணக்கு ஆகலாம் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். லால்பாக், கப்பன் பார்க்கில் பெரிய கேமரா கொண்டுபோவதாக இருந்தால் வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டு நிபுணர் மாதிரி அனுப்பச் சொன்னால் தபாலில் போட்டுவிடாதீர்கள். 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டம் குறுக்கே நிற்கும், அதற்கான ஆணையம் சென்னையில் இருக்கிறது. படம் அனுப்புவதில் பிரச்சினை இல்லை.

பெங்களூரில் இருப்பது இதில் நமக்குப் பெரிய வசதி. ஹெப்பாளில் இருக்கும் தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம், ஜி.கே.வி.கே வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறை, ஏட்ரீ என்ற சூழலியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூச்சி அருங்காட்சியகம் எல்லாம் நகரத்துக்குள்ளேயே இருக்கின்றன. நேராகப் போய் நிற்காமல் முதலில் மின்னஞ்சல் போடுங்கள்: ஆறு படமும் இணைத்து, லேபிள் விவரம் முழுதும் எழுதி, 4-ஆம் படியில் நீங்கள் பார்த்த அடையாளங்களை வரிசையாகச் சொல்லி, "டாகினிட் என்று நினைக்கிறேன், பேரினம் வேண்டும்" என்று தெளிவாகக் கேளுங்கள். கட்டணம் உண்டா, மாதிரியை அவர்களே வைத்துக்கொள்வார்களா, திருப்பித் தருவார்களா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். வெறும் படத்தோடு "இது என்ன" என்று போன கடிதத்துக்குப் பதில் வராமலே போனதும் எனக்கு உண்டு, விவரத்தோடு போனதற்குப் பதில் வந்தது.

இனம் வரை பெயர் கேட்டு அடம்பிடிக்க வேண்டாம். பல டாகினிட்களில் ஆண் ஈயின் பின்நுனி உறுப்பைப் பிரித்துப் பார்த்தால்தான் இனம் தெரியும், பெண் ஈ மட்டும் கையில் இருந்தால் பேரினத்தோடு நின்றுவிடும். அதனால் ஒரே புழுக் கூட்டத்திலிருந்து பல ஈ வந்தால் ஆணும் பெண்ணுமாகச் சிலவற்றை வையுங்கள். பெரும்பாலும் ஆணுக்குக் கண்கள் நெருங்கியும் பெண்ணுக்கு விலகியும் இருக்கும். படத்தைப் பார்த்துப் போன் செயலி தானாகச் சொல்லும் இனப் பெயரை லேபிளில் எழுதவே எழுதாதீர்கள். வேறு நாட்டில் அதிகம் படம் எடுக்கப்பட்ட ஈயின் பெயரை அது நம் மாடித் தோட்டத்து ஈக்கு வைத்துவிடும்.

கூரியரில் அனுப்பச் சொன்னால், குத்திய ஈயைத் தெர்மகோல் பதித்த சின்ன டப்பாவில் இறுக்கமாக நட்டு, அந்த டப்பாவைச் சுற்றிப் பஞ்சு வைத்த பெரிய டப்பாவுக்குள் வையுங்கள். ஆல்கஹால் தீப்பிடிக்கும் பொருள், கூரியர்காரர்கள் எடுக்க மாட்டார்கள். குப்பியிலிருந்து அதை வடித்துவிட்டு, நனைத்த டிஷ்யூவோடு மூடி ஒட்டி அனுப்புங்கள், போய்ச் சேர்ந்ததும் அங்கே மறுபடி ஊற்றிக்கொள்ளச் சொல்லி உள்ளே ஒரு சீட்டு வையுங்கள். பதில் வர வாரக்கணக்கில் ஆகும். மார்ச் மாதம் ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரம், அப்போது அனுப்பாமல் ஏப்ரலுக்குப் பிறகு அனுப்புவது நல்லது.